கூடாரத்தில் தங்குவோர் கவனத்துக்கு



ஏலகிரி, கொல்லிமலை, ஏற்காடு என்று மலைகளில் கூடாரம் அடித்துத் தங்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பரவி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அழைப்பு விளம்பரங்களில் பாம்பைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

உடும்போ சாரையோ குறுக்கே வந்தால் வழிவிட்டால் போதும், அதுவே போய்விடும். நான் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. இரவில் இரை தேடும் இந்தப் பாம்பு, தரையில் உறங்குபவரின் படுக்கைக்குள்ளேயே வந்துவிடும். கடி பெரும்பாலும் வலிக்காது, வீக்கமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், இமை சரியும், பேச்சு குழறும். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உடனிருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, மூச்சுத் தசைகள் செயலிழக்கத் தொடங்கிவிடும். இந்தத் தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது.

கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடுங்கள். வெளியில் படுத்தால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். டார்ச் இல்லாமல் இருட்டில் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவுமே வேண்டாம். பாம்பை அடிக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது.

மருந்து இருப்பில் உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது, இரவில் அங்கு போக வண்டி உண்டா என்பதை ஒவ்வொரு முகாமிலும் எழுதி வைக்கும்படி சுற்றுலாத் துறை கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, முன்பணம் கட்டும் முன் இந்த இரண்டு கேள்விகளையும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

– ஒரு வாசகர், சேலம்