மெயினை அணைத்தால் சுமை யார் தலையில்?

விடுமுறை நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காலை முதல் இரவுவரை மின்சாரம் இல்லாமல் இருந்து பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கட்டும் என்பது சிலருடைய எண்ணம். சுற்றுச்சூழல் அக்கறை வேறு சிலருக்கு. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால், மொட்டைமாடியில் பாய் விரித்து நட்சத்திரம் பார்த்ததோடு அந்த நாள் முடிந்துவிடக் கூடாது. வீட்டில் மின்சாரம் இதுவரை யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதைக் கண்ணால் பார்க்க அன்றைக்கு விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

உடலுழைப்பில் பழகிய ஒருவர் நாள் முழுவதும் சீராக வேலை செய்தால் அவரிடமிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 75 வாட். 8 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 0.6 யூனிட். அதாவது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஓர் ஆளின் முழுநாள் உழைப்பு போதாது. தினமும் 6 யூனிட் செலவாகும் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத 10 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களை ஒருநாள் அனுப்பிவிட்டால் அரைப்பதும் துவைப்பதும் தண்ணீர் இறைப்பதும் அப்படியே மிஞ்சும். யாராவது செய்துதானே ஆக வேண்டும்?

உறவினர் வீட்டில் இப்படியொரு ஞாயிற்றுக்கிழமை. கொல்லைப்புறத்தில் பூந்தொட்டி தாங்கிக் கிடந்த அம்மியைக் கழுவி, தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள். முதல் ஈடு இழுத்தபோது எல்லோரும் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். இரண்டாவது ஈட்டின்போது கூடத்தில் தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டது. அம்மியின் முன்னால் அந்த வீட்டின் அம்மா மட்டும். மதியத்துக்கு மசாலா, சாயங்காலம் துணி, நடுவில் அடிபம்பில் நாலைந்து குடம் தண்ணீர். “உங்களுக்கெல்லாம் லீவு, எனக்கு டபுள் டூட்டி” என்றார் அவர். அந்த நாளைப் பற்றி அங்கே சொல்லப்பட்ட மிகத் துல்லியமான மதிப்பீடு அதுதான்.

அம்மியும் உரலும் ஆரோக்கியம் என்று பேசுபவர்கள், தோள்பட்டை வலியோடு அவற்றை இழுத்த பெண்களைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைக்குரியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை இலவசம் என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. மாவாட்டுவதில் கழிந்த பொழுதைப் பெண்களுக்குத் திருப்பிக் கொடுத்த திட்டம் என்றே அதை நான் பார்க்கிறேன். எனவே, மெயினை அணைக்கும் முன்பு வேலையைப் பங்கு போட்டுவிட வேண்டும். அம்மியில் அப்பாவும் மகனும் உட்காரட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாளை கரண்ட் இருக்காது என்று தெரிந்தால், முந்தைய இரவே டேங்க்கை நிரப்புகிறோம், மாவாட்டி வைக்கிறோம், போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வந்தாலும் இதே கதைதான். உண்மையில் நேற்றைய மின்சாரத்தில்தான் இன்று வாழ்கிறோம். அறிவிப்பில்லாமல் போனால் என்னவாகும் என்பதை டெல்டா மக்கள் அறிவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. இருட்டைவிடக் கொடுமை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாததுதான். ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். மின்வெட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்ததில்லை. 2012இல் சென்னையில் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களிலோ 10 மணி நேரத்துக்கும் மேல். இன்வெர்ட்டர் வாங்க முடிந்தவர் தூங்கினார், முடியாதவர் கைவிசிறியோடு விழித்திருந்தார். மின்சாரம் இல்லாத நாளை விரும்பித் தேர்ந்தெடுப்பதே ஒரு வசதிதான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெயினை அணைத்த அன்று மதியம் 2 மணிக்கு வீட்டின் லட்சணமும் தெரிந்துவிடும். முற்றமும் திண்ணையும் உயரமான ஓட்டுக் கூரையும் கொண்ட வீடுகளில் சூடான காற்று மேலேறி வெளியேற வழி இருந்தது. இன்றைய அடுக்ககங்களில் ஒரே பக்கம் ஜன்னல், தலைக்கு மேல் வெயிலை உறிஞ்சும் கான்கிரீட், ஏசியை நம்பி மூடிய அறை. எதிரெதிர் ஜன்னல் வைக்காமல் கட்டியதற்கான அபராதத்தை மின்கட்டணமாகக் காலமெல்லாம் கட்டுகிறோம். கட்டிட அனுமதி தரும்போதே காற்றோட்டத்தைக் கறாராகப் பார்த்தால் மிச்சமாகும் மின்சாரம், எந்த விழிப்புணர்வு நாளிலும் மிச்சமாகாது.

2007இல் சிட்னியில் தொடங்கிய ‘புவி நேரம்’ விளக்குகளை அணைக்கச் சொல்கிறது. அடையாளமாகச் சரி. ஆனால், 9 வாட் எல்இடி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்தால் மிச்சம் 0.009 யூனிட், ஒன்றரை டன் ஏசி அதே நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை யூனிட்வரை இழுக்கும். ஆகவே, பூஜ்ஜியத்தை முயல்வதைவிட வேறொரு எல்லையைப் பரிந்துரைப்பேன். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 யூனிட். அதற்குள் ஒருநாளை ஓட்டிப் பார்க்கலாம். நாலு எல்இடி விளக்கு 5 மணி நேரம் எரிய 0.18 யூனிட். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, 10 மணி நேரம் சுழல 0.6. சிறிய ஃபிரிட்ஜுக்குச் சுமார் அரை யூனிட். மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் கால் மணி நேரம் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும். பழைய 75 வாட் மின்விசிறிகள் என்றால், அந்த இரண்டு மட்டுமே ஒன்றரை யூனிட்டை விழுங்கிவிடும். காலையில் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளின் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிடுங்கள்.