‘பயஸ்’ என்று எழுதினால் போதுமா? வேலையிடப் புகாரில் சொற்களின் எடை

வேலை இடத்தில் அநியாயம் நடந்தால் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது ‘பயஸ்’ என்ற சொல்தான். சூப்பர்வைசர் பயஸ், எச்.ஆர். பயஸ், கம்பெனியே பயஸ். வீட்டில் பேசிக்கொள்ள இது போதும். தொழிலாளர் இலாகாவுக்கு எழுதும் கடிதத்தில் போதாது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்திலும் லாபுவானிலும் அமலில் இருக்கிறது. அதில் புதிதாக வந்தது 69எஃப் பிரிவு. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே ‘டிஸ்கிரிமினேஷன்’ தொடர்பான தகராறு எழுந்தால் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

பிரிவில் உள்ள சொல்லைக் கவனியுங்கள். பயஸ் என்பது மனச்சாய்வு. தராசு முள் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்பது போல. பிரெஜுடிஸ் என்பது ஆளைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடும் தப்பெண்ணம். இரண்டும் மனதுக்குள் இருப்பவை. டிஸ்கிரிமினேஷன் அப்படியல்ல, அது நடந்த காரியம். ஒரே வேலை, ஒரே சர்வீஸ், ஆனால் ஓவர்டைம் ஒருவருக்கு மட்டும் என்றால் அது கணக்கில் தெரியும். மண்டோர் தன் மச்சானுக்கு நல்ல ஷிப்ட் போட்டுக் கொடுப்பது பேவரிட்டிசம். அதுவும் ஓரவஞ்சனைதான். ஆனால் இனம், மதம், பால் போன்ற காரணம் பின்னால் இல்லாவிட்டால் அதை டிஸ்கிரிமினேஷன் என்று நிலைநாட்டுவது கடினம்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல்லுக்குச் சட்டமே விளக்கம் தரவில்லை. வேலை தேடி அலைபவரையும் அது தெளிவாகச் சேர்க்கவில்லை. ‘மாண்டரின் பேசுபவர் மட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துத் திரும்பி வரும் நம் பிள்ளைக்கு இதனால் என்ன பயன்? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தில் இது பெரிய ஓட்டை. நாடாளுமன்றத்தில்தான் அதை அடைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான சொல் ஒன்று உண்டு. வேலையை விட்டு நிறுத்திய பிறகு வரும் சமரசக் கடிதத்தின் தலையில் ‘விதவுட் பிரெஜுடிஸ்’ என்று இருக்கும். ‘பாரபட்சம் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்’ என்று பொருள் கொண்டு நிம்மதி அடைவது தவறு. பேச்சுவார்த்தையில் சொன்னதை நாளை நீதிமன்றத்தில் தங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்காகவே அந்த வரி. கம்பெனி நியாயமாக நடக்கிறது என்பதற்கு அது சான்று அல்ல.

அந்தக் கடிதத்தை நம்பிப் பேசிக்கொண்டே இருந்தால் நாள் ஓடிவிடும். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் (ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹாஅன்) எழுத்துமூலம் மனு கொடுக்க வேண்டும். பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. வேலை சம்பந்தமான எதற்கும் தொழிலாளர் இலாகாவுக்கே போய்ப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இது வேறு இலாகா.

‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் ஆக்ககரமானது எதுவும் இல்லை. சம்பளத்தைக் குறைத்து, பதவியை இறக்கி, நீங்களே போகும்படி செய்வதற்குத்தான் அந்தப் பெயர். ராஜினாமா கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அதை நிரூபிப்பது பெரும்பாடு.

ஆகவே மனுவில் ‘மேனேஜர் பயஸ்’ என்ற வரிக்குப் பதிலாகத் தேதி, சம்பளச் சீட்டு, உங்களோடு ஒப்பிடத்தக்க ஊழியருக்குக் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காதது, கேட்டபோது சொல்லப்பட்ட பதில் ஆகியவற்றை எழுதுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் மலாயில் எழுதலாம்.