வாங்கியது போதும், ஓட்டிப் பாருங்கள்

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஏப்ரல் பிறந்தால் படகுச் சாமான் கடைகளுக்குத் தீபாவளிதான். அட்லாண்டிக்கைத் தாண்டி மத்தியதரைக் கடலுக்குப் போகக் கிளம்பும் தனியார் மோட்டார் யாட்டுகள் அந்த ஊர்க் கால்வாய்களில் வந்து கட்டிக் கிடக்கும். வட அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்கள் அடங்கியிருக்க வேண்டும். ஜூன் 1-ல் தொடங்கும் சூறாவளிப் பருவத்திலும் மாட்டிக்கொள்ளக் கூடாது. இடையில் தோதாகக் கிடைப்பது மே மாதம். ஆகவே ஏப்ரலில் எல்லோருக்கும் அவசரம். ஒருவர் இரண்டாவது ரேடார் வாங்குவார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரர் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வாங்குவார். அவரைப் பார்த்து மூன்றாமவர் ஐஸ் மெஷின் வாங்குவார்.

சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, இந்தப் படகுகளின் இன்ஜின் ரூமில் இறங்கிக் குறை சொல்வதுதான் இப்போது பிழைப்பு. (குறை சொல்வதற்குக் காசு தருகிறார்கள் என்பதை என் வீட்டில் யாரும் இன்னும் நம்பவில்லை.) குழுவாகக் கடல் கடக்கும் படகுகளைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: கடைசி நான்கு வாரத்தில் வாங்கிப் பொருத்தும் சாமான்தான் அவற்றுக்கு முதல் எதிரி. அலையெல்லாம் அதற்கு அப்புறம்.

பாய்மரத்தை நம்பாத சிறு படகு மகாசமுத்திரத்தைக் கடக்குமா என்ற கேள்விக்கு ராபர்ட் பீப் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்படை கேப்டன் 1963-லேயே பதில் சொல்லிவிட்டார். தாமே வடிவமைத்து, சிங்கப்பூரில் கட்டுவித்த 50 அடிப் படகில் இந்தியப் பெருங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தார். படகின் பெயர் பாசேஜ்மேக்கர். மெதுவாகப் போ, நிறைய டீசல் கொண்டுபோ. அவர் வழி அவ்வளவுதான். 2004-ல் நார்ட்ஹாவன் படகுகளின் நிறுவனத்தார் 18 மோட்டார் யாட்டுகளைத் திரட்டி, ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து பெர்முடா, அசோர்ஸ் தீவுகளின் ஓர்டா துறைமுகம் வழியாக ஜிப்ரால்டருக்கு ஒரு கூட்டுப் பயணம் நடத்தினார்கள். நல்ல படகுகள், நல்ல ஏற்பாடு. அப்படியிருந்தும் வழியில் பலரைப் படுத்தியது ஸ்டெபிலைசர்.

படகின் அடிப்பகுதியில் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பலகைகள்தான் ஸ்டெபிலைசர். படகு இடப்பக்கம் சாயும்போது அவை திரும்பி நிமிர்த்தும், வலப்பக்கம் சாயும்போதும் அப்படியே. ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்குபவை. பகாமா தீவுகளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடிவிட்டுத் திரும்பும் படகில் அந்த எண்ணெய் சூடாவதற்குள் நங்கூரம் போட்டுவிடுவார்கள். அட்லாண்டிக்கில் அது பத்து, பன்னிரண்டு நாள் இரவு பகலாக வேலை செய்யும். எண்ணெயைக் குளிர்விக்கும் பம்பு கொஞ்சம் சுணங்கினாலும், ஒரு சீல் லேசாகக் கசிந்தாலும் மூன்றாம் நாள் தெரிந்துவிடும். துறைமுகத்தில் நின்றபடி எத்தனை முறை சோதித்தாலும் தெரியாது.

சாதாரணமாக ஒரு தனியார் யாட் ஆண்டுக்கு இருநூறு மணி நேரம் ஓடினால் பெரிது. பெர்முடாவிலிருந்து ஓர்டாவுக்கு ஏறத்தாழ 1,800 கடல் மைல். மணிக்கு 6.5 கடல் மைல் வேகத்தில் போனால் 277 மணி நேரம். ஓராண்டில் ஓடுவதைவிட அதிகமான ஓட்டத்தை நடுவில் நிறுத்தாமல் ஓட வேண்டும். அதனால் புதுச் சாமானுக்குச் செலவிடும் பணத்தில் கால்வாசியை டீசலுக்குச் செலவிட்டு, கிளம்புவதற்கு முன்பே இரண்டு முழு நாள் கடலில் ஓட்டிப் பாருங்கள் என்கிறேன். டேங்க் நிறைய டீசல், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு ஓட்ட வேண்டும். காலிப் படகு வேறு, பாரம் ஏற்றிய படகு வேறு. கால்வாயிலும் கூடாது; வெளியே வளைகுடா நீரோட்டத்துக்குப் போய், அலை பக்கவாட்டில் அடிக்கும்படி ஓட்ட வேண்டும்.

அப்போதுதான் டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு கலங்கி மேலே வரும். ஃபில்டரின் வேக்யூம் கேஜில் முள் மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம். ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஃபில்டர் அடைப்பது வரம். பெர்முடாவுக்கு அப்பால் நள்ளிரவில் அடைத்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்காசோ கடலின் மிதக்கும் பாசி கடல்நீர் ஸ்ட்ரெய்னரை அடைப்பது இன்னொரு வேடிக்கை. ஸ்ட்ரெய்னர் மூடியைத் திறக்க எந்த ஸ்பேனர் வேண்டும், அது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று உரிமையாளரிடம் கேட்பேன். யோசித்தால் என் நோட்டில் ஒரு கோடு விழும்.

பெரிய இன்ஜின் நின்றுபோனால் கரை சேர்க்க, பல படகுகளில் தனித் தண்டும் புரொப்பெல்லரும் கொண்ட ஒரு குட்டி இன்ஜின் உண்டு. விங் இன்ஜின் என்பார்கள். பளபளவென்று இருக்கும், ஏனென்றால் யாரும் அதை ஓட்டுவதில்லை. சோதனை ஓட்டத்தில் பெரிய இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் அதிலேயே போகச் சொல்வேன். அதற்கு டீசல் எந்த டேங்கிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். பெரிய இன்ஜினும் அதுவும் ஒரே டேங்கில் குடித்தால், கெட்ட டீசல் இரண்டையும் சேர்த்தே நிறுத்தும். அப்புறம் எதற்கு இரண்டு?

இனி குழுவுக்கு வருவோம். கூட்டமாகப் போகிறோம், ஒருவருக்கு ஒன்று என்றால் இன்னொருவர் இருக்கிறார் என்ற தைரியம் எல்லோரிடமும் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு படகு மணிக்கு 6.5 கடல் மைல் போகிறது, இன்னொன்று 8. ஒரே நாளில் இடைவெளி 36 மைல். சிறு படகுகளுக்கிடையே விஎச்எஃப் ரேடியோ பத்துப் பதினைந்து மைலுக்கு மேல் ஒழுங்காகக் கேட்காது. முதல் இரவு விடிவதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

சரி, மெதுவான படகு வேகத்தைக் கூட்டட்டுமே என்றால் அது இன்னும் மோசம். 46 அடிப் படகு ஒன்றில் 3,800 லிட்டர் டீசல் இருக்கிறது, 6.5 மைல் வேகத்தில் மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர்டா போய்ச் சேர 2,770 லிட்டர் போதும். ஆயிரம் லிட்டர் கையிருப்பு. நிம்மதி. வேகத்தை 8 மைலுக்கு ஏற்றினால், மைலுக்கு ஆகும் டீசல் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இப்போது 4,200 லிட்டர் வேண்டும். ஓர்டாவுக்கு 170 மைல் முன்பே டேங்க் வறண்டுவிடும். அந்த அளவுப் படகுக்கு இது குறைத்துப் போட்ட கணக்குதான். ஆகவே வேகத்தை வைத்துக் குழுவைப் பிரிக்க வேண்டும். மெதுவான படகுகள் முன்பே கிளம்ப வேண்டும். தானும் வேகக்காரன்தான் என்று காட்டிக்கொள்ள விரும்பும் உரிமையாளர்களால் வரும் தலைவலியை ஏற்பாட்டாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கடலோடிகள் சுறாவுக்கும் சூரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆழ்கடலில் தங்குகிறார்கள். ஓர் இன்ஜின், ஐஸ், டீசல், அரிசி. துணைக்குச் சேர்ந்து வந்த படகுகள். இன்ஜினின் ஒவ்வொரு சத்தமும் அவர்களுக்குத் தெரியும். இரண்டு ரேடார் வைத்திருக்கும் யாட்காரர் பலருக்கு அது தெரியாது. ஆனால் அவர்களை வைத்து, கருவியே வேண்டாம் என்று நான் வாதாட மாட்டேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலில் அடித்தபோது எத்தனையோ படகுகள் கரையின் ரேடியோ எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி இருந்திருந்தால் என்று சொல்லிச் சொல்லி அழுத ஊர்கள் அவை. பணம் இல்லாததால் வேண்டிய கருவி அன்று அங்கே இல்லை. இங்கே பணம் இருப்பதால் வேண்டாததெல்லாம் இருக்கிறது.

வேண்டிய கருவி என்று நான் கைகாட்டுவதில் முதலாவது ஈபிர்ப். தண்ணீரில் விழுந்தால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் மஞ்சள் டப்பா. விலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டினால் மட்டும் வேலை முடியாது, அதன் எண்ணை உரிமையாளர் பெயரில் பதிவு செய்ய வேண்டும். கைமாறிய படகுகளில் பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஈபிர்ப் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நடுக்கடலில் அது கத்தினால், மீட்பு மையத்திலிருந்து முதல் போன், படகை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் யாரோ ஒருவருக்குப் போகும். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. பெர்முடாவை நெருங்கும் படகிடம் அந்தத் தீவின் ரேடியோ நிலையம் ஈபிர்ப், உயிர்காப்புப் படகு விவரங்களையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் டப்பாவைத் தேடினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு.

குழுவால் நிஜமாகவே கிடைக்கும் லாபம் உதிரிப்பாகங்களில். ஒரே வகை இன்ஜின் உள்ள படகுகள் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் ஸ்டார்ட்டர் மோட்டார், இன்னொருவர் ஆல்டர்னேட்டர், மூன்றாமவர் இன்ஜெக்டர் என்று பங்கிட்டுக் கொண்டுபோகலாம். இம்பெல்லர், பெல்ட், ஹோஸ் மட்டும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஓர்டா துறைமுகச் சுவரில் படகின் பெயரை வரைந்துவிட்டுப் போனால்தான் பயணம் நல்லபடி முடியும் என்று கடலோடிகளுக்கு ஒரு நம்பிக்கை. அதற்கான பெயின்ட் டப்பாவை யாரும் மறப்பதில்லை, இம்பெல்லரைத்தான் மறக்கிறார்கள். குழுவில் ஒரு டாக்டர் வருகிறார், ஒரு மெக்கானிக் வருகிறார் என்பதும் பெரிய ஆறுதலாகப் பேசப்படும். மூன்று மீட்டர் அலையில் ஒருவரை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு ரப்பர் படகில் மாற்றிப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். டாக்டர் ரேடியோவில் வருவார், அவ்வளவுதான். மருந்தை எடுத்து ஊசி போட உங்கள் படகில் ஆள் வேண்டும்.

பெரும்பாலான படகுகளில் கணவனும் மனைவியும், கூட ஒன்றிரண்டு நண்பர்களும்தான். இன்ஜின் கணவர் இலாகா, சமையலறை மனைவி இலாகா என்று ஓர் ஏற்பாடு இருக்கும். கணவருக்கு நெஞ்சுவலி வந்தால்? அதனால் என் கடைசிச் சோதனை அந்த அம்மாவுக்கு. படகின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்து, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகள் அத்தனையையும் மூடிவிட்டு வரச் சொல்வேன். முதல்முறை கேட்டபோது முறைத்தவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அடுத்த வாரமே ஒவ்வொரு வால்வுக்கும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதி, இன்ஜின் ரூம் கதவில் வரைபடம் ஒட்டிவைத்திருந்தார். இருட்டில் மூடிவிட்டு வந்து, அடுத்தது கணவருக்கு என்று டார்ச்சை நீட்டினார். அவர் இரண்டு வால்வைத் தேடிக்கொண்டே இருந்தார். அந்தப் படகைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

கவலை வேறொருவரைப் பற்றி. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது பெரிய ஃப்ரீசர் ஒன்றைப் புதிதாக வைத்தார். அதற்குக் கடல்நீர்க் குளிர்விப்பு. ஆக, படகின் அடியில் புதிதாக ஒரு துளை, ஒரு வால்வு, ஆறு அடி ஹோஸ், நான்கு கிளாம்ப். கிளாம்பில் ஒன்றைக் கையால் சுற்ற முடிந்தது. ஓட்டிப் பார்க்காமல், படகு பயணத்துக்குத் தயார் என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தேதி அச்சாகிவிட்டது, கட்டணம் கட்டியாயிற்று, பெர்முடாவில் விருந்துக்கு இடம் பிடித்தாயிற்று என்று அவர் அடுக்கினார். வால்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

இதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கூட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள் தேதியை ஓராண்டுக்கு முன்பே குறித்து, கட்டணத்தை முன்பணமாக வாங்கி, திருப்பித் தர மாட்டோம் என்று எழுதியும் வாங்கிக்கொண்டால், எந்த உரிமையாளர் பின்வாங்குவார்? சாமான் பட்டியல் மட்டும் தடிதடியாக அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக, கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பு ஒரு பூட்டுத் தேதி வைக்கட்டும். அதன் பிறகு படகில் புதிதாக ஒரு துளையும் போடக் கூடாது. பாரம் ஏற்றிய படகில் இரண்டு நாள் சோதனை ஓட்டம் கட்டாயமாகட்டும். சோதிப்பவரை உரிமையாளர் அமர்த்தக் கூடாது, குழுவே அமர்த்தி, அவர் சொன்னால் படகை நிறுத்திவைக்கும் அதிகாரமும் தரட்டும். நிறுத்தப்பட்ட படகின் கட்டணம் அப்படியே அடுத்த ஆண்டுக்கு மாற வேண்டும், அல்லது ஒரு பைசா குறையாமல் திரும்ப வேண்டும். என் சம்பளத்தையும் அந்தக் கட்டணத்திலிருந்தே கொடுக்கலாம். உரிமையாளர் கையால் வாங்குவதைவிட அது எனக்கு வசதி.