கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

கூட்டம் கூடும் ஊரில் கடை போட்டுவிட்டால் போதும், வியாபாரம் தானே நடக்கும் என்ற எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. கோயில் ஊர்களில் கடை வாடகையும் அட்வான்ஸும் ஏறிக் கிடப்பதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். இது எவ்வளவு தூரம் சரி என்று எண்ணிப் பார்க்க, அமெரிக்காவில் உள்ள ஒரு கல்லூரி ஊர் நமக்கு நல்ல பாடமாக இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் ஆன் ஆர்பர் என்ற ஊர் உள்ளது. 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 1,23,851. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837-ல் இந்த ஊருக்கு வந்தது. இன்று 50,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம் 1927-ல் திறக்கப்பட்டது. அதில் 1,07,601 பேர் உட்காரலாம். அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் இதுதான். ஆட்ட நாளில் ஊர் ஜனத்தொகைக்குச் சற்றுக் குறைவான கூட்டம் அந்த ஒரே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் என்றால், வாசகர்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஓடுபவரைப் பிடித்துத் தள்ளுவதுமான ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். கணக்குக்கு 60 நிமிடம்தான். ஆனால் நின்று நின்று நடப்பதால் மூன்றரை மணி நேரம் ஆகிறது. தொழில்முறை அணிகள் பெரும்பாலும் ஞாயிறன்று ஆடுகின்றன. கல்லூரிகளுக்குச் சனிக்கிழமை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடியும் பருவத்தில், சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்கள் ஆறு முதல் எட்டு வரைதான். கடைத்தெருவுக்கு ஆண்டில் கிடைக்கும் திருநாள் அவ்வளவே.

உறவினர் பிள்ளை ஒருவர் அங்கே படிப்பதால், 2024 செப்டம்பர் 28-ம் தேதி சனிக்கிழமை ஆட்டத்தையொட்டி வெள்ளி முதல் ஞாயிறு வரை அந்த ஊரில் தங்கிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. எதிரணி மினசோட்டா பல்கலைக்கழகம். இந்த இரு அணிகளும் மோதும்போது வென்றவருக்குக் கொடுக்கப்படும் பரிசு தங்கக் கோப்பையோ வெள்ளிக் கேடயமோ அல்ல. ஒரு மண் ஜாடி. 1903-ல் மினியாபொலிஸ் நகருக்கு ஆடச் சென்ற மிச்சிகன் அணியினர், குடிதண்ணீருக்காக அங்கே ஒரு கடையில் 30 சென்ட் கொடுத்து வாங்கிய ஜாடி என்று சொல்லப்படுகிறது. ஆட்டம் சமமாக முடிந்து, ஜாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். மினசோட்டாக்காரர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஜெயித்தால்தான் தருவோம் என்றார்களாம். அன்று முதல் அதுவே பரிசாகிவிட்டது. சில்லறைக் கடையில் விற்ற ஒரு பண்டத்துக்கு இப்படி ஒரு மதிப்பு வந்ததை எண்ணி வணிகர்கள் பெருமைப்படலாம்.

வெள்ளிக்கிழமை மாலையே ஊர் நிறையத் தொடங்கிவிட்டது. தங்கும் விடுதிகளில் வழக்கமான வாடகையைப் போல் பல மடங்கு. நாம் தங்கிய விடுதியில் இரண்டு இரவுக்குப் பணம் கட்டினால்தான் அறை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் தெருவெல்லாம் மஞ்சளும் நீலமுமாகச் சட்டை அணிந்த கூட்டம். மைதானத்துக்கு அருகே குடியிருப்பவர்கள், வீட்டு முன்புறப் புல்வெளியில் கட்டணம் எழுதிய அட்டையை நட்டு வைத்து, கார்களை வரிசையாக நிறுத்திப் பணம் வாங்குகிறார்கள். எதிரே உள்ள உயர்நிலைப் பள்ளியின் திடலிலும் கட்டணத்துக்குக் கார் நிறுத்தம்.

இதுவரை பார்த்தால் ஊருக்கே தீபாவளி என்றுதான் தோன்றும். ஆனால் வியாபாரக் கண்ணோடு கடை கடையாக நடந்து பார்த்தபோது வேறு ஒன்று விளங்கியது.

வந்தவர் எல்லாம் வாங்குபவர் அல்லர்

வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் சொந்தக் காரில் வருகிறார்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, குடும்பத்தோடும் நண்பர்களோடும் உண்டு களிக்கிறார்கள். டெயில்கேட் என்று இதற்குப் பெயர். அந்த இறைச்சியும் ரொட்டியும் பானமும் பலருக்கு அவரவர் ஊர்க் கடையில் வாங்கிக் காரில் ஏற்றி வந்தவை. ஆட்டம் முடிந்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆன் ஆர்பர் கடைக்காரருக்கு அவர்களால் கிடைப்பது போக்குவரத்து நெரிசல் மட்டுமே.

உணவகம், மதுக்கடை, சட்டை தொப்பி விற்கும் கடை ஆகியவற்றுக்கு நல்ல வியாபாரம் என்பதை மறுக்க முடியாது. வாசலில் வரிசை நின்றதைக் கண்ணால் கண்டோம். ஆனால் அதே தெருவில் இரும்புச் சாமான், கண்ணாடி, மரச்சாமான் போன்றவை விற்கும் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்காரரிடம் விசாரித்தோம். ஆட்ட நாளில் உள்ளூர் வாடிக்கையாளர் கடைத்தெருப் பக்கமே வரமாட்டார் என்றார். கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று தெரிந்து, வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுவார், இல்லையேல் ஊருக்கு வெளியே உள்ள பெரிய அங்காடிக்குப் போய்விடுவார். அப்படிப் போய்ப் பழகியவர் திங்கட்கிழமை திரும்பி வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பஞ்சாங்கம் நம் கையில் இல்லை

இன்னொரு செய்தி நம் வணிகர்கள் கவனிக்க வேண்டியது. ஆட்டம் எந்தத் தேதியில் என்பது முன்கூட்டியே தெரியும். எத்தனை மணிக்கு என்பதைப் பல ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பல சமயம் 12 நாள், சில சமயம் 6 நாள் முன்புதான் நேரம் அறிவிக்கப்படுகிறது. பகல் 12 மணி ஆட்டம் என்றால், முடிந்த பிறகு கூட்டம் சாப்பிடவும் கடை பார்க்கவும் நேரம் இருக்கிறது. நாம் போன அன்று அப்படித்தான். மிச்சிகன் 27-க்கு 24 என்ற கணக்கில் வென்றது. மாலை முழுவதும் உணவகங்கள் நிரம்பி வழிந்தன. இரவு ஆட்டம் என்றால், முடியும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். பலரும் நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். எத்தனை ஆளை வேலைக்கு வைப்பது, எவ்வளவு ரொட்டிக்குச் சொல்வது என்ற கடைக்காரரின் கணக்கு, எங்கோ இருக்கும் தொலைக்காட்சி நிலையத்தின் முடிவைப் பொறுத்திருக்கிறது.

2024-ம் ஆண்டுப் பருவத்திலிருந்து அந்த மைதானத்துக்குள்ளேயே மது விற்பனை தொடங்கிவிட்டது. முன்பு வெளியே மட்டும் செலவான பணத்தில் ஒரு பகுதி இனி உள்ளே செலவாகும். 2025-ல் ஒரு நீதிமன்ற சமரசத்தின் பேரில், பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க அனுமதி வந்தது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரர்கள் உழைப்புக்குக் கூலி பெறுவது நியாயமே. ஆனால் அந்தப் பணத்தை நிர்வாகம் எங்கிருந்தாவது எடுக்க வேண்டும் அல்லவா? டிக்கெட்டிலும் உள்ளே விற்கும் பண்டத்திலும்தான் முதலில் கை வைப்பார்கள் என்பது நம் கணிப்பு. வருபவரின் பை ஒன்றுதான். மைதானம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் கடைத்தெருவுக்குக் குறைவாகத்தான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் மேலாக 2020-ம் ஆண்டு இருக்கிறது. 1975 நவம்பர் முதல் அந்த மைதானத்தில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. கொரோனா வந்தபோது பருவம் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப் போயிற்று; ஆட்டமும் பொதுமக்கள் இன்றி நடந்தது. 45 ஆண்டு தவறாமல் வந்த திருநாள் ஒரே உத்தரவில் நின்றுபோயிற்று. வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. கோயில் திருவிழாக்கள் நின்ற அதே ஆண்டில் நம் ஊர்க் கடைத்தெருக்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

தேதி போட்ட சரக்கு

மிச்சிகன் அணி 2023-ம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய 15 ஆட்டங்களையும் வென்று, 2024 ஜனவரியில் நாட்டின் சாம்பியன் ஆயிற்று. அடுத்த பருவத்தில் 8 வெற்றி, 5 தோல்வி. சாம்பியன் என்று ஆண்டு அச்சிட்ட சட்டை, வெற்றி பெற்ற மாதத்தில் கேட்ட விலைக்குப் போகும். அதே சட்டை அடுத்த ஆண்டு, தை மாதம் கழிந்த பின் கையில் நிற்கும் சிவகாசிக் காலண்டர் போலத்தான். சரக்கில் குற்றம் இல்லை, தேதிதான் குற்றம். தேதி போட்ட சரக்கை எடுக்கும்போது ‘எவ்வளவு விற்கும்?’ என்று கேட்பதைவிட ‘எவ்வளவு மிஞ்சினால் தாங்குவோம்?’ என்று கேட்பதே முறை.

நிலைத்தவர்கள் யார்?

அந்த ஊரில் 1919-ல் தொடங்கிய விவசாயிகள் சந்தை ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் காலையில் கூடுகிறது. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடுகிறது. ஆட்ட நாளிலும் அங்கே கூடை தூக்கி வந்தவர்களில் உள்ளூர்க் குடும்பங்களையே மிகுதியாகக் கண்டோம். சந்தைக்கு அருகில், 1982-ல் தொடங்கிய ஜிங்கர்மன்ஸ் என்ற உணவுக்கடை இருக்கிறது. பெயர் பெற்ற பின்பும் நாடு முழுவதும் கிளை திறக்க அவர்கள் ஓடவில்லை. அதே ஊர் வட்டாரத்திலேயே 1992-ல் ரொட்டிச் சாலை, பிறகு பாலாடைக்கட்டித் தயாரிப்பு, ஊழியர்களுக்கான பயிற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். வெளியூர் ஆட்கள் எழுதிக் கேட்டால் பார்சலில் அனுப்பும் பிரிவும் வைத்தார்கள். ஒரு நாள் வந்து போனவரை ஆண்டு முழுவதும் வாங்குபவராக மாற்றும் வழி இது.

இதே ஊரில் 1971-ல் தொடங்கிய பார்டர்ஸ் புத்தகக்கடை, நூற்றுக்கணக்கான கிளைகளாக வளர்ந்து, 2011-ல் அடியோடு மூடப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் பல. ஆனால் ஒன்று நிச்சயம். ஊரின் நடுவே பெரிய கடை இருந்தது. ஆட்டச் சனிக்கிழமைகளில் அதன் வழியே ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அன்றாட வாடிக்கையாளர் வேறு வழியில் புத்தகம் வாங்கத் தொடங்கிய பிறகு அந்தக் கூட்டம் அதைக் காப்பாற்றவில்லை.

நாம் செய்ய வேண்டியது

திருநாள் வியாபாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருவதை வரவேற்க வேண்டியதே. ஆனால் சித்திரைத் திருவிழாவை நம்பும் மதுரைக் கடைக்காரரும், தீபத்தை நம்பும் திருவண்ணாமலைக் கடைக்காரரும், தீபாவளியை நம்பும் நாம் அனைவரும் சில ஒழுங்குகளை வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, கடையின் வாடகை, சம்பளம், வட்டி இவை அன்றாட வியாபாரத்திலிருந்தே கட்டப்பட வேண்டும். திருநாள் லாபம் தனிப் பேரேட்டில் ஏறட்டும். முதலைப் பெருக்கவும் பழைய கடனை அடைக்கவும் பயன்படட்டும். இரண்டாவது, கூட்ட நாளில் விலை ஏற்றுவதாக இருந்தால், முந்நூறு நாளும் வரும் உள்ளூர்க்காரருக்கும் அந்த விலையைப் போடக்கூடாது. அன்று அவர் முகம் சுளித்துப் போனால் அவரை மீண்டும் அழைத்து வர ஆண்டுக் கணக்காகும். முடிந்தால் அவருக்குச் சரக்கை வீட்டுக்கே அனுப்பி வைக்கலாம். மூன்றாவது, வெளியூரிலிருந்து வந்து திருப்தியாக வாங்குபவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பார்சல் அனுப்பும் வசதி இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது.

நான்காவது, மொத்த வியாபாரிகளாகிய நமக்கு. திருநாள் நெருங்கும்போது சில்லறைக் கடைக்காரர் ஆசைப்பட்டு நூறு பெட்டி கேட்பார். நம் கிடங்கு காலியானால் சரி என்று நூறையும் கடனில் ஏற்றி அனுப்புவது எளிது. மழை பெய்து கூட்டம் வராவிட்டால் தேங்குவது அவர் சரக்கு. முடங்குவது நம் பணம். சரக்கைத் திருப்பி எடுக்கவும் மனம் வராது, பாக்கியைக் கேட்கப் போனால் உறவும் கெடும். போன ஆண்டு அவர் உண்மையில் விற்ற அளவை நம் பேரேட்டில் பார்த்து, அதற்கு மேல் போகும் சரக்கை ரொக்கத்துக்கு மட்டும் கொடுப்போம். கேட்டவருக்கு அன்று வருத்தமாக இருக்கலாம். அடுத்த தைக்கும் அவர் கடை திறந்திருக்க வேண்டும் என்பதே நமக்கு முக்கியம்.