எந்த எம்பி-னு சொல்லுங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூல "மெமரி எவ்வளவு எடுக்குது?"னு கேட்டா, டக்குனு ஒரு நம்பர் சொல்லிடறோம். அது எதை அளந்து வந்த நம்பர்னு நாமளும் சொல்றதில்ல, கேக்கறவங்களும் தோண்டறதில்ல. எந்த அளவுன்னு குறிப்பிடாத எம்பி கணக்கை ரிப்போர்ட்ல ஏத்துக்கவே கூடாதுங்கறது என் கட்சி.

'ஃப்ரீ' கமாண்ட்ல ஃப்ரீ காலம் குறைஞ்சிருக்குன்னு பதறுறதை முதல்ல விடுவோம். சும்மா கிடக்கற ராமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், ப்ரோக்ராம் கேட்டா பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துடும். பார்க்க வேண்டியது அவைலபிள் காலம். 2014-ல வந்த கெர்னல் 3.14-லயே இதுக்கான கணிப்பு இருக்கு.

பெரிய குழப்பம் 'டாப்'ல வர்ற ரெஸ் காலம்தான். ஒரே சர்வர் நாலு வொர்க்கரா ஓடுதுன்னு வைங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெஸ் 40 எம்பி. கூட்டினா 160. ஆனா அந்த 40-ல 30 எம்பி நாலும் பகிர்ந்துக்கற அதே பக்கங்கள்னா, ராம்ல உண்மையா இருக்கறது 30-உம் நாலு பத்தும், மொத்தம் 70 எம்பிதான். பகிர்ந்ததை பங்கு பிரிச்சுக் கணக்கு போடறது பிஎஸ்எஸ்: ஆளுக்கு 17.5. ஹோட்டல் பில்லை நாலு பேரும் முழுசா தன் கணக்குல எழுதினா எப்படி இருக்குமோ, ரெஸ்ஸைக் கூட்டறது அப்படித்தான்.

லேப்டாப்ல இந்த வித்தியாசம் உறைக்காது. ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ மாதிரி 512 எம்பி போர்டுல உறைக்கும். தப்பான கூட்டலை நம்பி பெரிய போர்டு வாங்கினா, காசு போறது டீம் பாக்கெட்ல இருந்துதான்.

பிஎஸ்எஸ் பார்க்க ப்ராக் கீழ அந்தந்த பிராசஸ் ஐடி ஃபோல்டர்ல 'எஸ்மேப்ஸ் ரோலப்' இருக்கு (கெர்னல் 4.14-ல இருந்து). இதைப் படிக்கறப்போ கெர்னல் பேஜ் டேபிளையே நடந்து பார்க்கணும், அதனால சின்ன போர்டுல நொடிக்கொரு தடவை படிச்சா அளக்கறதே ஒரு சுமை. ஸ்வாப்புக்குப் போனது பிஎஸ்எஸ்ல வராது, அதுக்கு அதே ஃபைல்ல ஸ்வாப்-பிஎஸ்எஸ் வரி தனியா இருக்கு.

இன்னொண்ணு, சராசரி மட்டும் போதாது. ஓஓஎம் கில்லர் சராசரி பார்த்து வர்றதில்ல, மெமரி தீர்ந்த அந்த நொடியில வரும். 'ஸ்டேட்டஸ்' ஃபைல்ல விஎம்-ஹெச்டபிள்யூஎம்-னு ஒரு வரி, பிராசஸ் தொட்ட உச்ச ஆர்எஸ்எஸ்ஸைச் சொல்லும். அதுவும் பகிர்ந்ததை முழுசா எண்ணற கணக்குதான், அதனால வொர்க்கர்களுக்கு அதைக் கூட்டிடாதீங்க.

அடுத்த ரிவ்யூவுக்கு ரிப்போர்ட்ல மூணு வரி போதும்: மொத்த பிஎஸ்எஸ், லோடு ஏத்தினப்போ அவைலபிள் எவ்வளவு இறங்கிச்சு, எத்தனை நிமிஷம் ஓட்டினோம்.