சுங்கம் இல்லை, அபின் உண்டு!

1819-ல் சிங்கப்பூர்த் தீவில் இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதைச் சுங்கமில்லாத் துறைமுகம் என்று தம்பட்டம் அடித்தது. வியாபாரியின் சரக்குக்கு வரி இல்லை. அப்படியானால் போலீசுக்கும் கச்சேரிக்கும் துரைமாருக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது?

அபினிலிருந்து, தோழர்களே! 1820 முதல் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். மூட்டை சுமந்த, மிளகுத் தோட்டத்தில் முதுகொடிந்த சீனக் கூலி, உடல்வலி மறக்க அபின் புகைத்தான். அந்தக் கூலிக்காசில் சர்க்கார் நடந்தது. 19-ம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதுதான்! 1910-ல் சர்க்காரே அபின் காய்ச்சி விற்கத் துணிந்தது. சாலை போட்டவர்களோ, 1825 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்.

முதலாளிக்கு வரிச்சலுகை என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் கேட்போம்: அந்தச் சுமை யார் தலையில்?