அஞ்சறைப் பெட்டியும் செல்போனும்

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது? இதென்ன கேள்வி என்கிறீர்களா? எண்ணெய் காய்ந்து புகையும்போது பெட்டியைப் பார்க்கக்கூட வேண்டாம். கை தானாகப் போய்க் கடுகை எடுத்துவிடும். உதவி செய்ய வந்த ஒரு விருந்தாளி, "அழகாக அடுக்கி வைத்திருக்கிறேன்!" என்று கிண்ணங்களை இடம் மாற்றிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அன்றைக்கு ரசத்தில் கடுகுக்குப் பதில் வெந்தயம் மிதக்கும்.

அந்த விருந்தாளியின் வேலையைத்தான் நான் காஞ்சீபுரத்தில் செய்துவிட்டு வந்தேன். சமையலறையில் அல்ல, சகோதரிகளே, செல்போனில்.

பிள்ளையார்பாளையத்தில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் பெரியப்பா, வியாபாரி ஒருவர் கொடுக்கும் பட்டையும் ஜரிகையையும் வாங்கிக் கூலிக்கு நெய்கிறார். இன்னொன்றில் அண்ணன் சொந்தமாக நெய்கிறான். அந்தச் சேலைகளை அண்ணி படம் பிடித்து, செல்போன் வழியாகவே விற்றுவிடுகிறாள். பெரியம்மா தார் சுற்றுவாள். வீட்டுக் கணக்கு முழுவதும் அவளுடையது. எத்தனை கிராம் ஜரிகை வந்தது, எத்தனை சேலையில் ஏறியது, மிச்சம் எவ்வளவு என்று ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பாள்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி, இந்த வீட்டுக்கென்றே ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். அதில் ஏழு பகுதிகள்: ஆர்டர், படம், செய்தி, பணம், ஜரிகைக் கணக்கு, கூலிக் கணக்கு, நாட்குறிப்பு. திரையின் அடியில் சின்னச் சின்னப் படங்களாக ஒரு வரிசை இருக்கிறதல்லவா? கட்டைவிரலுக்கு எட்டுகிற அந்த வரிசைக்கு 'டேப் பார்' என்று பெயர். அதில் ஐந்து இடம்தான் உண்டு. "எந்த ஐந்தை வைக்கலாம், அக்கா?" என்று தம்பி கேட்டான். படித்தவள் என்ற தைரியத்தில் நானே தீர்ப்புச் சொன்னேன். ஆர்டர், படம், செய்தி, பணம் என்று நாலு. ஐந்தாவது இடத்தில் 'மேலும்'. மற்ற மூன்றும் அந்த 'மேலும்' என்ற உள்ளறைக்குள் போயின. ஜரிகைக் கணக்கும் அவற்றில் ஒன்று.

நீல நோட்டைப் பரணில் போடச் சொன்னதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பெரியம்மா காபி கொடுத்தாள். பேச்சு மட்டும் சுரத்தாக இல்லை. அண்ணிதான் விஷயத்தைச் சொன்னாள். வியாபாரி கணக்குத் தீர்த்த அன்று ஜரிகை குறைகிறது என்று கூலியில் பணம் பிடித்துக்கொண்டாராம். இல்லை என்று சொல்லப் பெரியம்மாவிடம் கணக்கு இல்லை. ஏன் எழுதவில்லை?

"அந்தப் பக்கம் எங்க இருக்குன்னே தெரியல, கண்ணு. ஒரு நாள் கண்ணுல பட்டுச்சு, மறுநாள் காணோம். இதைக்கூடக் கேக்கணுமான்னு வெக்கமா இருந்துச்சு" என்றாள் பெரியம்மா.

நாற்பது வருஷம் ஒரு கிராம் பிசகாமல் கணக்கு வைத்தவள் அவள். அவளை ஒன்றும் தெரியாதவளாக உட்கார வைத்தது என் அழகான அடுக்குதான். காபி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்தேன். "அந்த வரிசையைப் பெரியம்மாவே மாற்றிக்கொள்ளும்படி செய்ய முடியாதா?" என்றேன். "தாராளமாக முடியும். அது பழைய சங்கதிதான்" என்றான்.

உண்மைதான். 2007-ல் முதல் ஐபோன் வந்தபோதே, பாட்டுக் கேட்கும் பகுதியின் அடிவரிசையை நாமே மாற்றிக்கொள்ளலாம். 'மேலும்' என்பதற்குள் போய், வேண்டிய படத்தை விரலால் இழுத்துக் கீழே விட்டால் போதும். மறு வருஷம் வெளியாரும் அந்தப் போனுக்குச் செயலி எழுதலாம் என்று ஆனபோது, இந்த வசதி ஆயத்தச் சரக்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் வகுத்த முறையிலும் அடிவரிசையில் மூன்று முதல் ஐந்து வரைதான். அதற்கு மேல் போனால் விரல் ஒன்றைத் தொட, வேறொன்று திறக்கும். தமிழுக்கோ இடம் இன்னும் நெருக்கடி. 'அறிவிப்புகள்', 'அமைப்புகள்' என்று எழுதினால் பாதி வார்த்தை வெட்டுப்பட்டுப் போகும். அதனால்தான் ஆர்டர், படம், பணம் என்று குட்டிப் பெயர்களாக வைத்தோம்.

"யார் எதை அதிகம் தொடுகிறார்களோ, அதைச் செயலியே முன்னால் கொண்டுவந்து வைத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதையும் பார்த்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் ஆபீஸ் 2000 பதிப்பில், அதிகம் தொடாதவற்றைத் தானாக மறைத்துவிடும் பட்டியலை வைத்தார்கள். நேற்று இருந்தது இன்று காணோம் என்று ஆகிவிட்டது. 2007 பதிப்பில் வேர்டு, எக்ஸெல் முதலியவற்றிலிருந்து அந்த ஏற்பாடே போய்விட்டது. 2004-ல் லியா ஃபைண்ட்லேட்டர், ஜோவன்னா மெக்ரெனெர் என்ற இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தானாக மாறும் பட்டியலைவிட, இடம் மாறாத பட்டியலில்தான் வேலை சீக்கிரம் நடந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் விரும்பியதோ, தாங்களே மாற்றி அமைத்துக்கொள்ளும் பட்டியலை! அஞ்சறைப் பெட்டி நியாயம்தானே இது? கிண்ணத்தை நான் மாற்றினால் எனக்கு ஞாபகம் இருக்கும்; தானாக நகர்ந்தால் அது குட்டிச்சாத்தான் வேலை!

பெரியப்பாவுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. "சேலையும் அப்படித்தாம்மா. உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தியில மயிலா மாங்காயா, எல்லாம் வாங்கறவங்க இஷ்டம். தறியோட அகலம் மட்டும் அவங்க இஷ்டம் இல்ல" என்றார்.

அவர் தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி தொங்குகிறது. துளையிட்ட அட்டைக் கோவையை மாற்றினால் கரையின் கோலம் மாறிவிடும். தறியைப் பிரிக்க வேண்டாம். 1804-ல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார்டு அமைத்த சாதனம் அது. அந்தத் துளை அட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தம்முடைய கணக்கு இயந்திரத்துக்கும் அட்டைகளைக் கொடுக்கத் திட்டமிட்டார். கம்ப்யூட்டருக்குத் தறி பாட்டி முறை என்று சொன்னால் தப்பில்லை.

தம்பி ஒரு வாரத்தில் செயலியைத் திருத்தினான். ஒரு சின்னத்தை அழுத்திப் பிடித்தால் வரிசை திறக்கிறது. வேண்டியதைக் கீழே இழுத்து விடலாம். விரல் நடுங்குகிறவர்களுக்கு இழுப்பது கஷ்டம் என்பதால், 'மேலே', 'கீழே' என்று இரண்டு பொத்தான்களும் வைத்தான். இழுக்காமலே செய்ய ஒரு வழி இருக்கவேண்டும் என்பது 2023-ல் வெளியான உலகளாவிய இணைய விதிமுறையிலேயே சேர்ந்திருக்கிறதாம். 'மேலும்' மட்டும் எப்போதும் கடைசி இடத்தில்தான். அதை யாரும் நகர்த்த முடியாது. எதையாவது குழப்பிவிட்டால், 'பழையபடி' என்ற பொத்தான் முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நாளைக்குப் புதிதாக ஒரு பகுதி சேர்ந்தாலும் அது 'மேலும்' அறைக்குள்தான் குடியேறும். அவர்கள் அடுக்கிய வரிசையைத் தொடாது.

ஒன்றை மட்டும் நாங்கள் மறந்துவிட்டோம். அந்த வீட்டில் போன் ஒன்று. மாமியார், மருமகள் இரண்டு பேர்! காலையில் பெரியம்மா ஜரிகைக் கணக்கை முதலில் வைப்பாள். மத்தியானம் அண்ணி அதைத் தள்ளிவிட்டுப் படத்தை வைப்பாள். மூன்றாம் நாள் இருவர் முகமும் கோவில் யானை மாதிரி உம்மென்று இருந்தது. பிறகு தம்பி இருவர் பெயரிலும் தனித்தனி வரிசை வைத்தான். திறந்தவுடன் யார் என்று பெயரைத் தொட வேண்டும்; அவரவர் அடுக்கு அவரவருக்கு.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ பாட்டியோ இருப்பார். போனில் அவருக்கு என்ன வேண்டும் என்று நாமே தீர்மானித்து அடுக்கிக் கொடுத்துவிடுகிறோம். அவர் வாயைத் திறக்காவிட்டால், பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்று சாயங்காலம் பத்து நிமிஷம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "எதை அடிக்கடி தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தச் செயலியில் வரிசையை மாற்ற வழி இருந்தால், நீங்கள் மாற்றாதீர்கள். அவர் விரலாலேயே மாற்றச் சொல்லுங்கள்.

சென்ற வாரம் பெரியம்மாவே போன் செய்தாள். இந்தத் தடவை கணக்குத் தீர்க்கும்போது, வியாபாரி தராசைப் பார்க்குமுன் இவள் திரையைக் காட்டினாளாம். கூலியில் ஒரு பைசா பிடிக்கவில்லை.

"அப்போ நீல நோட்டு இனிமே வேண்டாம்தானே, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"பரண்லேர்ந்து அதை அன்னிக்கே எடுத்துட்டேன், கண்ணு. ரெண்டுலயும் எழுதறேன்" என்றாள்.

இந்த முறை நான் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.